நியாண்டர்தால்களை எண்ணிய ஞாயிற்றுக்கிழமைகள்

என் வீட்டுக்காரருக்குத் தணிந்த குரலில் பேச வராது. சுவா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகிவிட்டார். தோட்டம் விலைபோய், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைச் சாய்த்து வீடு கட்ட ஆரம்பித்த பிறகு நாங்கள் பாரோய்க்குக் குடிவந்தோம். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட இவர் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாயங்காலம் வேனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, கைப்பேசியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

நான் காய்ந்த துணி எடுக்க வெளியே வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். மலாயில் பேசினார்.

"மொத்தமா எத்தன பேரு இருப்பாங்க அபாங்? சில ஆயிரந்தானே?" என்றார். அந்தப் பக்கம் ஏதோ பதில். "அப்ப ஒரு குகையில பத்து பதினஞ்சு பேருதான் இருந்திருக்கணும். ஒரு கும்பலுக்கு இன்னொரு கும்பல் இருக்கறதே தெரிஞ்சிருக்காது." மறுபடியும் பதில். "எலும்ப ஒடச்சிருக்காங்களா? சரி, சரி. ஞாயித்துக்கிழம வரேன், நேர்ல பேசிக்குவோம்."

அபாங் என்றால் அண்ணன். கடைக்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை எந்த மலாய்க்காரரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றதுதான் உறுத்தியது. எங்களைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். பெர்மிட் இல்லாதவர்களைக் காட்டுக்குள்ளே கொட்டகை போட்டு ஒளித்து வைக்கிறார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுவோம். இவர் கையில் வேன் இருக்கிறது. தோட்டத்துச் சந்துபொந்தெல்லாம் தெரியும். மலாய் நன்றாகப் பேசுவார். ஆள் கடத்துகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணிதான். சிரம்பானில் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்கு மட்டம் போட எம்.சி. என்கிற மருத்துவ லீவுச் சீட்டு வாங்க வருகிறவர்களின் இருமலைப் பார்த்துப் பார்த்து, எது நிஜம் எது நடிப்பு என்று காதே சொல்லிவிடும். போன கிறிஸ்துமஸுக்கு மெல்பர்னிலிருந்து வந்த மகள், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் பரம்பரை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சோதனைப் பெட்டி இரண்டு கொண்டுவந்தாள். "என் எச்சில் யாருக்கும் வேணாம், அத வச்சு என்னா செய்வானுங்களோ" என்று நான் மறுத்துவிட்டேன். இவர் துப்பிக் கொடுத்தார். தென்னிந்தியா என்று வந்ததாம். "இதுக்குக் காசு குடுத்து ஆஸ்திரேலியா வரைக்கும் அனுப்பணுமா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்லா" என்று சிரித்துவிட்டு அதை மறந்துபோனேன்.

ஒட்டுக்கேட்ட நாளிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெம்பாவ் பக்கம் கிளம்பிவிடுவார். கேட்டால், "மோட்டாருக்கு அங்க ஒருத்தரு நல்லா சர்வீஸ் பண்றாரு" என்பார். சர்வீஸ் பண்ணிய மோட்டார் போன அழுக்கோடுதான் திரும்பி வரும். கூடவே காட்டு அவரை மாதிரியான பெத்தாய் காய் கொஞ்சம் வரும், இல்லாவிட்டால் மூங்கிலில் சுட்டு வாழையிலையில் கட்டிய லெமாங் சோறு வரும். மோட்டார் பட்டறைக்காரன் எதற்கு லெமாங் கொடுத்தனுப்புகிறான்? கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார். 

என் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அத்தான் இறந்த பிறகு அவளுக்குத் துணை நான்தான். சொன்னேன்.

"பொம்பள விசயமா இருக்கும்" என்றாள் உடனே.

"இல்லக்கா. ஆம்பளகிட்டதான் பேசுறாரு. எத்தன பேரு, எங்கெங்க இருக்காங்க, குகை, எலும்பு, இப்படித்தான்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பொம்பள விசயமா இருந்தாகூடப் பரவால்லடி. இழுத்துட்டு வந்துரலாம். இது ஜெயில்ல கொண்டுபோய் விட்டுரும்லா."

"நேரா கேட்டுறவா?"

"கேட்டா உசாராயிருவாரு. கையும் களவுமாப் பிடிக்கணும்."

அதற்குள் இன்னொன்று நடந்தது. ஒரு காலை நல்ல மழை. கிளினிக் போக மழைக்கோட்டு தேடி அவருடைய மோட்டார் சீட்டைத் தூக்கினேன். உள்ளே பழைய சாரோங் துணியில் ஏதோ சுற்றி வைத்திருந்தது. பிரித்தேன். ஒரு தாடை எலும்பு. பற்களோடு. மனிதத் தாடைதான், ஆனால் பெரியது. மோவாய் இருக்க வேண்டிய இடம் சரிந்து உள்ளே போயிருந்தது. அதைத் திரும்பப் போட்டுச் சீட்டை மூடிவிட்டேன். அன்றைக்கு நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன். மருந்துச் சீட்டு எதுவும் கண்ணில் தெரியவில்லை. யாருடைய எலும்பு? இவர் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறார்? முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனிதர். அன்று அவர் தட்டில் சோறு போடும்போது அவருடைய கையையே பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் மோட்டாரில் கிளம்பியதும், அக்காவின் காரில் நாங்கள் பின்னால் போனோம். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மோட்டார் ரெம்பாவ் பட்டணத்தைத் தாண்டி ஒரு சின்னச் சாலையில் திரும்பியது. இரண்டு பக்கமும் செம்பனை. குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே வந்ததால் கொஞ்ச நேரம் அவரைத் தவறவிட்டோம். வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள் சிலர் எங்கள் காரைக் கண்டதும் எழுந்து மரங்களுக்குள்ளே போனார்கள்.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "நான் சொல்லல?"

செம்பனை முடிந்து பழைய ரப்பர் மரங்கள் வந்தன. அதற்கப்பால் ஒரு கம்பம், மலாய்க்காரர்கள் கிராமம். கால்களின்மேல் நிற்கும் பலகை வீடு ஒன்றின் முன்னால் இவருடைய மோட்டார் நின்றது. அக்கா காரை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். ஒளிந்து பார்க்கிற திட்டமெல்லாம் காற்றில் போயிற்று.

வீட்டுக்கு அடியில் சிமெண்ட் தரை. என் வீட்டுக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து, கையில் ரப்பர் கொட்டைகளை வைத்திருந்தார். எதிரே தாழ்வான நாற்காலியில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். தரை முழுக்கச் சாக்கட்டியால் வளைவு வளைவாகக் கோடு போட்டு, அதன்மேல் கொட்டைகளைத் தூவி வைத்திருந்தார்கள். கோட்டுக்கு நடுவில் அந்தத் தாடை. மந்திரவாதம் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

இவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையிலிருந்த கொட்டைகள் சிதறி உருண்டன. "நீ எப்படி இங்க?" என்றார்.

"அத நான் கேக்கணும். யாரோட எலும்புங்க இது? எத்தன பேர எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

 பெரியவருக்குத் தமிழ் புரியவில்லை. "மாசுக், மாசுக்" என்று உள்ளே வரச்சொல்லி இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். நாங்கள் உட்காரவில்லை.

என் வீட்டுக்காரர் தாடையை எடுத்து என்னிடம் நீட்டினார். "பிளாஸ்டர்ல செஞ்சதுலா. மாவு. அபாங் சயன்ஸ் வாத்தியாரா இருந்தவரு. பள்ளிக்கூடத்துல பாடத்துக்கு வச்சிருந்தது. பாத்துட்டுத் தரேன்னு எடுத்துட்டுப் போயிருந்தேன். நியாண்டர்தால் ஆளோட தாடை இப்படித்தான் இருக்குமாம்."

"யாரு ஆளு?"

"நியாண்டர்தால். நம்ம மாதிரி மனுசங்கதான், ஆனா வேற வகை. செத்துப்போய் நாப்பதாயிரம் வருசமாச்சு. ஒருத்தர்கூட மிச்சம் இல்ல."

அவர் மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தார். பயந்துபோன மனிதர் பேசுகிற வேகம். சாக்கட்டிக் கோட்டின் ஒரு முனையைக் காலால் காட்டி, இது ஸ்பெயின், இதற்கு மேலே இங்கிலாந்துப் பக்கம், அங்கேயும் போயிருக்கிறார்கள் என்றார். நடந்துபோய் எதிர்முனையில் நின்றார்; அது சைபீரியாவின் மலைகள். கீழே இஸ்ரேல், ஈராக். ஒவ்வொரு கொட்டையும் ஒரு கும்பலாம். ஆப்பிரிக்காவில் கிடையாது. நம் பக்கத்திலும் அவர்கள் எலும்பு எதுவும் அகப்படவில்லை. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில், ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர்தானாம்.

"எத்தன பேரு?" என்றாள் அக்கா. அவளுக்கும் வாய் சும்மா இருக்காது.

"அதுலதான் எங்களுக்குள்ள சண்ட. நான் சில ஆயிரம்னு சொல்றேன். அபாங் இல்லங்கறாரு."

பெரியவர் மலாயில் விளக்கினார். எலும்புக்குள் இருக்கும் மரபணுவைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் வித்தியாசம் மிகக் குறைவு. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பிள்ளை பெற்றவர்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் சில ஆயிரம் என்று வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் வருவது வம்சம் தொடர்ந்தவர்கள் மட்டும்தான். குழந்தைகள், கிழடுகள், பிள்ளையில்லாமல் போனவர்கள் எல்லாரையும் சேர்த்தால் பல்லாயிரக்கணக்கில் இருக்கலாம். பனி பெருகியபோது குறைந்திருப்பார்கள், வெயில் வந்தபோது கூடியிருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் இன்றைக்குச் சிரம்பானில் இருக்கிற ஜனத்தைவிடக் குறைவுதான்.

"யாரு போய் எண்ணிப் பாத்தது?" என்று நான் கேட்டேன்.

"யாரும் எண்ணல. அதனாலதான் ஒரே நம்பரைச் சொல்ல முடியல" என்றார் பெரியவர்.

நியாயமான பதில்தான். ஆனால் என் காது ஒத்துக்கொள்ளவில்லை. கிளினிக்கில் காய்ச்சல் என்று சொல்லி வருகிறவன், கேட்காத சங்கதியெல்லாம் விலாவாரியாகச் சொன்னால், காய்ச்சல் இல்லை என்று அர்த்தம். இவர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"செத்துப்போனவங்கள எண்றது தப்பில்லையே. அதுக்கு ஏன் என்கிட்ட பொய் சொல்லிட்டு வரணும்?"

அவர் குனிந்து சிதறிய கொட்டைகளைப் பொறுக்கினார். ரப்பர் மரத்திலிருந்து காய் வெடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் அவரைப் பார்த்து மெதுவாக, "சாக்காப்லா" என்றார். சொல்லிவிடு என்று அர்த்தம்.

"இவரு எங்க அப்பாவுக்குப் பொறந்தவரு" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு நெஜமாவே அபாங்."

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எச்சில் சோதனையில் வந்தது அது. தென்னிந்தியா என்று காட்டியதற்குக் கீழே, நம் முன்னோர் அவர்களோடு கலந்ததில் உன் உடம்புக்கு வந்த நியாண்டர்தால் மரபு இவ்வளவு என்று ஒரு பக்கம். அதற்கும் கீழே, உன் அப்பா வழி நெருங்கிய உறவு ஒருவரும் இந்தச் சோதனை செய்திருக்கிறார் என்று இன்னொரு பக்கம். பெரியவருக்குத் தான் தத்துப் பிள்ளை என்று சின்ன வயதிலேயே தெரியும். தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து வாங்கி வளர்த்தோம் என்று வளர்த்த தாயே சொல்லியிருக்கிறார். பெற்ற தாய் யார் என்று அவருக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டில் படிக்கும் மகன் மூலமாகச் சோதனை செய்து பார்த்திருக்கிறார்.

என் மாமனார் கல்யாணத்துக்கு முன்னால் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். பெரியவர் பிறந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு சுவாவுக்கு மாறி, தோட்டத்துச் சின்னக் கோயிலில் உபதேசியாராக ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். அவர் முன்னால் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டார்கள். கடைசிக் காலத்தில் நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மொத மொத ரெம்பாவ்ல சாப்பாட்டுக் கடையில சந்திச்சோம்" என்றார் என் வீட்டுக்காரர். "அப்பாவப் பத்தி அவரு என்னா கேப்பாரு, நான் என்னா சொல்வேன்? ரெண்டு பேரும் தேத்தண்ணியையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். அப்புறம் அவருதான், ஒனக்கு நியாண்டர்தால் எவ்ளோ வந்துச்சுன்னு கேட்டாரு. நமக்கெல்லாம் எப்படி வந்துச்சு, அவங்க எங்க இருந்தாங்க, எத்தன பேருன்னு பேச ஆரம்பிச்சோம். பேச வேற எதுவும் கெடைக்கல. பூசையில அப்பாவ நினைச்சுக் கண் கலங்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஒன்கிட்ட சொன்னா ஒங்கக்காவுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. ஆனால் மறுக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் என்னைவிட வேகமாக யோசித்தாள். "இத்தன வருசம் இல்லாத அண்ணன் இப்ப எதுக்கு வராரு? எதாவது இருக்கும்லா." எனக்கும் அதே கேள்விதான். ரத்தச் சோதனையில் ஒருவருடைய முடிவு இன்னொருவர் பெயரில் வந்ததை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். மெல்பர்னுக்குப் போன் போட்டேன். "அம்மா, அவ்வளவு நெருக்கமா காட்டுனா அது தப்பாகாதும்மா" என்றாள் மகள். அவள் சொன்னதற்காக நான் நம்பிவிடவில்லை. பழைய கல்யாணப் படத்தில் மாமனாரின் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெரியவரின் மூக்கை, நெற்றியை ஞாபகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருநாள் ஒத்துப்போவதுபோல் இருக்கும். மறுநாள் யாரோ ஒரு மலாய்க்காரர்.

அடுத்த முறை ரெம்பாவுக்கு நானும் கூடவே போனேன். அக்காவை அழைக்கவில்லை. பெரியவரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போனதும், அவரிடம் நேராகவே கேட்டேன்.

"எங்ககிட்டருந்து உங்களுக்கு என்னா வேணும்?"

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் விடுவித்துக்கொண்டேன்.

பெரியவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, "அவருடைய குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "படத்தை உங்கள் வீட்டுக்காரர் காட்டினார். படம் பேசாது."

என் வீட்டுக்காரரிடம் எதுவும் இல்லை. என்னிடம் இருந்தது. மாமனார் படுக்கையில் விழுவதற்கு முன்னால், எனக்குக் கைப்பேசியில் அனுப்பிய குரல் பதிவு. அழிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். அதைப் பெரியவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நிறைய நேரம் யோசித்தேன். கொடுத்துவிட்டால் உறவை ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். கடைசியில் போட்டேன். போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். பாசத்தால் பார்க்கவில்லை, நடிக்கிறாரா என்று பார்த்தேன்.

"யாரு என் கண்ணாடிய எடுத்தது? மேசையிலதான வச்சேன். இந்த வீட்டுல ஒரு பொருள வச்சா வச்ச எடத்துல இருக்காது. வேலைக்குப் போனா போனை எடுக்கறதில்ல. எங்கம்மா போய்ட்ட?" அதோடு முடிந்தது.

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு சொல்லும் புரிந்திருக்காது. "என்ன சொல்கிறார்? ஜெபமா?" என்றார்.

"இல்ல. கண்ணாடியைக் காணோம்னு என்னைத் திட்டுறாரு" என்று மலாயில் சொன்னேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணாடி எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

"அவரு சட்டப் பையிலதான்."

"இன்னொரு தடவை போடுங்கள்."

போட்டேன். அவர் உதடுகள் 'கண்ணாடி' என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தன. எவ்வளவு உற்றுப் பார்த்தும் அந்த முகத்தில் நடிப்பு எதுவும் எனக்கு அகப்படவில்லை. பதிவை அவருக்கு அனுப்பி வைத்தேன்.

தண்ணீர் குடித்து முடித்த பிறகு அவர் ஒன்று சொன்னார். முதல் சந்திப்பு அன்று அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாராம். கடைக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, இறங்காமல், உள்ளே காத்திருந்த என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறான், என்ன கேட்கப் போகிறான், திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாராம்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ கேட்கவில்லையே" என்றார் பெரியவர். "நீ சைபீரியாவைப் பற்றித்தான் கேட்டாய்."

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரும் மனைவியும் பாரோய்க்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சமைக்கப் புதுச் சட்டிகளும் தட்டுகளும் வாங்கித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஹலால் கடையில் கோழிக்கு இப்போதே சொல்லிவிட்டேன். கோயிலில் கேட்டால் யார் என்று சொல்வது என்பதை நானும் என் வீட்டுக்காரரும் இன்னும் பேசி முடிவு செய்யவில்லை. அக்காவும் வருவாள். பெரியவருக்குப் பக்கத்து நாற்காலி தனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்க்க வேண்டுமாம்.